வீட்டுக்கு அனுப்பப்படும் கணக்கு

ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். தரம் 10 கணிதப் பாடம் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய ஆசிரியர் வெளியேறி, கணித ஆசிரியர் உள்ளே வந்து, வணக்கம் சொல்லி, கரும்பலகையைத் துடைத்து முடிக்கவே ஐந்து நிமிடம் போய்விடும். பிறகு விளக்கம். அதன்பின் ஓர் உதாரணக் கணக்கு. பிள்ளைகள் கொப்பியில் பார்த்து எழுதுகிறார்கள். இன்னோர் உதாரணம், அதையும் எழுதுகிறார்கள். மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது, "மிச்சப் பயிற்சியை வீட்டில செய்துகொண்டு வாங்கோ" என்கிறார் ஆசிரியர்.

தலைமுறை தலைமுறையாகப் பழகிப்போன ஏற்பாடு என்பதால் இதில் இருக்கும் அநியாயம் நம் கண்ணில் படுவதில்லை. கேட்பதும் பார்த்து எழுதுவதும் இலேசான வேலை. அது ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது நடக்கிறது. கேட்டதை வைத்துத் தானாக ஒரு கணக்கைச் செய்து பார்ப்பதுதான் கடினமான வேலை. அது பிள்ளை தனியாக இருக்கும்போது நடக்கிறது. மூன்றாம் வரியில் சறுக்கினால் கேட்பதற்கு ஆளில்லை.

யாழ்ப்பாண நகரத்திலோ கொழும்பிலோ ஒரு பிள்ளைக்கு இந்த இடைவெளியை நிரப்பப் படித்த தகப்பனோ, பல்கலைக்கழகம் போகும் அக்காவோ, அடுத்த ஒழுங்கையில் ஒரு ரியூசனோ இருக்கக்கூடும். ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து வடக்கே ஓமந்தை, புளியங்குளம் தாண்டி, மாங்குளத்துக்கு முன்பாக வரும் கனகராயன்குளத்தில் என்ன இருக்கிறது? மன்னகுளம், குறிசுட்டகுளம் என்று காடும் வயலும் சூழ்ந்த ஊர்களில் ஒரு பிள்ளை பின்னேரம் கொப்பியைத் திறந்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

தாயின் கொப்பி

1985இல் பிறந்த ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். இன்று தரம் 10இல் பிள்ளை வைத்திருக்கும் வயது அவருக்கு. அவர் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய 1990இல் வன்னியில் மின்சாரம் இல்லாமற் போனது. பொருளாதாரத் தடையின் கீழ் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் சொட்டு எண்ணெய் விட்டு எரித்த விளக்கில்தான் ஒரு தலைமுறை வாசித்தது. 1997 மே 13இல் இராணுவத்தின் 'ஜெயசிக்குறு' நடவடிக்கை இதே ஏ9 வீதியைக் குறிவைத்துத் தொடங்கியபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. வீதியோரத்து ஊர்கள் காலியாகின. 1999 நவம்பரில் புலிகளின் 'ஓயாத அலைகள் மூன்று' தாக்குதல் நடந்து மறுபடியும் நிலம் கைமாறியது. 2002இல் பாதை திறந்து கொஞ்சம் மூச்சு விடும்போது சாதாரணதரப் பரீட்சை வயதை அவர் கடந்துவிட்டார். 2006இல் பாதை மூடியது. 2008இல் மீண்டும் இடப்பெயர்வு. கடைசியில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்.

இந்தத் தாய் படிப்பில் வலு கெட்டிக்காரியாக இருந்திருக்கலாம். ஆனால் இருபடிச் சமன்பாட்டோடு மகன் வந்து நின்றால், வெளிச்சத்தைப் போட்டுக்கொடுத்துப் பக்கத்தில் இருப்பதற்கு மேல் அவரால் எதுவும் செய்ய முடியாது. குறை அவருடையது இல்லை. அவர் வாழ்ந்த காலம் அது. அந்த வீட்டுக்குள் கடினமான கணக்கை அனுப்பிவைத்துவிட்டு, மறுநாள் காலை "ஏன் செய்யவில்லை" என்று கேட்கும் கல்விமுறைதான் வெட்கப்பட வேண்டும்.

அதனால்தான் 'தலைகீழ் வகுப்பறை' என்று உலகம் இருபது வருடமாகப் பேசிவரும் முறையை, வசதியுள்ள பள்ளிகளின் புதுமோகம் என்று தள்ளிவிட முடியாதென்று நினைக்கிறேன். பாடத்தின் விளக்கத்தைப் பிள்ளை முன்கூட்டியே படித்தோ பார்த்தோ வருவது, வகுப்பு நேரத்தைக் கணக்குச் செய்வதற்கும் கேள்வி கேட்பதற்கும் ஒதுக்குவது: சாராம்சம் இவ்வளவுதான். வீட்டில் உதவிக்கு ஆளில்லாத பிள்ளைக்கே இது எல்லோரையும் விட அதிகம் தேவை.

பஸ்ஸில் போன பிள்ளைகள்

இந்த முறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ஊர் ஏறக்குறைய நம் ஊர் மாதிரியான ஓர் ஒதுக்குப்புறம்தான். அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் வுட்லண்ட் பார்க். அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் ஜொனத்தன் பேர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு இரசாயனவியல் ஆசிரியர்கள். விளையாட்டுப் போட்டிகளுக்காகத் தூர ஊர்களுக்குப் பஸ்ஸில் போகும் மாணவர்கள் பின்னேரப் பாடங்களைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார்கள். 2007இல், தவறவிட்ட பிள்ளைகளுக்காகப் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். வகுப்பில் இருந்த பிள்ளைகளும் அவற்றைப் பார்ப்பது தெரிந்ததும் அவர்களுக்கு ஒன்று உறைத்தது: பிள்ளைக்கு ஆசிரியர் நேரில் தேவைப்படுவது விளக்கத்தைக் கேட்கும்போது அல்ல, மாட்டிக்கொண்டு முழிக்கும்போது. அடுத்த படியாக விளக்கத்தை முழுவதுமாக வீட்டுக்கு அனுப்பி, பயிற்சியை வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள்.

அவர்களுக்கு முன்பே ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் இதே கதவைத் தட்டியிருந்தார். மாணவர்கள் மிக நல்ல புள்ளி கொடுத்துப் பாராட்டிய பௌதிகவியல் பேராசிரியர் அவர். 1990 அளவில், பொருள் விளங்கியிருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும் இலகுவான கேள்விகளை வகுப்புக்குக் கொடுத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் படிப்பித்த மாதிரி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிற மாதிரி எழுதவா என்று கேட்டுவிட்டார். படிப்பித்தது ஒரு பக்கம், பிள்ளை நம்புவது இன்னொரு பக்கம்! பெறுபேறு வந்தபோது மசூர் அதிர்ந்துபோனார். பெரிய சூத்திரங்களைக் கையாளத் தெரிந்தவர்கள் அடிப்படைக் கேள்வியில் தடுமாறியிருந்தார்கள். ஒரு நாள் ஒரு கேள்வியை எத்தனை விதமாக விளக்கியும் முகங்கள் தெளியாதபோது, பக்கத்தில் இருப்பவரோடு கதைத்துப் பாருங்கள் என்று விட்டார். வகுப்பு இரைந்தது. சில நிமிடத்தில் விளங்கிவிட்டது. சற்று முன்புதான் அந்தச் சிக்கலைத் தாண்டிய மாணவருக்கு, இன்னும் தாண்டாதவரின் தடுமாற்றம் எங்கே என்று பேராசிரியரைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

இதைப் படிக்கும்போது எனக்கு நன்னூல் நினைவுக்கு வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையைப் பற்றிச் சொல்லும்போது கணக்குப் போட்டே சொல்கிறார். ஆசிரியர் சொன்னதை ஒரு மாணவன் முழுவதுமாக உள்வாங்கினாலும் அவனுக்குக் கிடைப்பது கால் பங்கு. கூடப் படிப்பவர்களோடு பழகிப் பயில்வதில் இன்னொரு கால். மற்றவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மிச்ச அரைப் பங்கும் வந்து சேர்கிறது. ஒருமுறைக்கு இருமுறை கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் முறையாகச் சொல்லவும் வரும் என்றும் அதே இடத்தில் விதிக்கிறார். நாம் இலக்கண நூலாக மட்டும் மனனம் செய்த ஒரு நூலில், வகுப்பறை நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்பதற்கான தெளிவான பார்வை எழுநூறு வருடத்துக்கு மேலாகக் கிடக்கிறது. நம்முடைய நாற்பது நிமிடத்தையோ அந்த முதல் கால் பங்கே தின்றுவிடுகிறது.

ஆய்வுகள் சொல்வதும் எச்சரிப்பதும்

விரிவுரையா, மாணவர் ஈடுபடும் வகுப்பா என்ற கேள்விக்கு ஓரளவு உறுதியான விடை 2014இல் வந்தது. ஸ்கொட் ஃபிரீமனும் குழுவினரும் விஞ்ஞானம், பொறியியல், கணிதப் பாடங்களில் செய்யப்பட்ட 225 ஆய்வுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். வழமையான விரிவுரை வகுப்புகளில் சித்தியடையாதவர்கள் சராசரியாக 33.8 சதவீதம். மாணவர்கள் தாமே செய்து, விவாதித்துப் படித்த வகுப்புகளில் 21.8 சதவீதம். பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றிய கணக்கு இது; தரம் 10 பிள்ளைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நூறு பேரில் பன்னிரண்டு பேர் சித்திக்கும் தோல்விக்கும் நடுவே நிற்கிறார்கள் என்றால், சாதாரணதரக் கணிதத்தில் சறுக்கினால் உயர்தரப் பாதையே ஒடுங்கிவிடும் நாட்டில் அது சின்ன விசயம் இல்லை.

2015இல் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஒப்பீடு இன்னும் முக்கியமானது. ஒரு வகுப்பில் விளக்கம் வீட்டில், செயற்பாடு வகுப்பில். மற்றதில் விளக்கமும் முதற் செயற்பாடும் வகுப்பில், பிரயோகம் வீட்டில். இரண்டிலும் மாணவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிராமல் தாமே தேடிச் செய்து படித்தார்கள். முடிவில் பெறுபேற்றில் வேறுபாடு தெரியவில்லை. அப்படியென்றால் பலன் தந்தது வீடியோ இல்லை; பிள்ளை தன் கையால் செய்து பார்த்த வேலை.

எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்க இராணுவக் கல்லூரியான வெஸ்ட் பொயின்ரில் மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, தலைகீழ் வகுப்பையும் வழமையான வகுப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கணிதத்தில் உடனடியாகப் பலன் தெரிந்தது, பொருளியலில் தெரியவில்லை. கணிதத்தில் கிடைத்த பலனும் இறுதிப் பரீட்சை வரும்போது கரைந்துவிட்டது. கவலைக்குரியது வேறு: ஏற்கெனவே கெட்டிக்காரர்களாக இருந்தவர்கள் கூடுதலாக இலாபமடைந்தார்கள், பின்தங்கியவர்களுக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளி அகன்றது. எல்லோரும் ஒரே விடுதியில், ஒரே வசதியோடு இருக்கும் கல்லூரியிலேயே அப்படி. வீட்டுக்கு வீடு நிலைமை மாறும் வன்னியில் கண்ணை மூடிக்கொண்டு 'வீட்டில் வீடியோ பார்த்து வா' என்று சொன்னால் என்ன நடக்கும்?

என்ன நடக்கும் என்பதை நாம் பார்த்தும்விட்டோம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாடு முழுவதும் வட்ஸ்அப்பில் பாடம் நடந்தது. நேத்ரா தொலைக்காட்சியில் 'குருகுலம்', கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' இணையத்தளம் என்று ஏற்பாடுகள் இருந்தன. பதுளைப் பக்கத்தில் சிக்னலுக்காகப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் காட்டு வழியாக ஏறிப் பாறை உச்சியில் குந்தியிருந்த படம் உலகச் செய்தியானது. வன்னியில் வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட் போன் இருந்தாலும் அது பகலில் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். மூன்று பிள்ளைகள் இருந்தால் இரவில் மூத்தவருக்கே முறை. டேட்டா போடக் காசு வேண்டும். ஆசிரியர் குறிப்பைப் படமெடுத்து அனுப்புவார், பிள்ளை அதைக் கொப்பியில் எழுதிப் படமெடுத்துத் திருப்பி அனுப்பும். கரும்பலகை போனுக்குள் போனது, அவ்வளவுதான். விளக்கம் வீட்டுக்கு வந்தது. நேரில் உட்கார்ந்து செய்து பார்க்கும் வகுப்பு வரவே இல்லை. பாதியை மட்டும் செய்துவிட்டு அந்த அனுபவத்தை வைத்து முழு முறையையும் வேண்டாம் என்று சொல்வது நியாயமாகாது.

பைக்குள் இருக்கும் வசதி

கனகராயன்குளத்துப் பிள்ளையின் பையில் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. 1980 தொடக்கம் இந்த நாட்டில் பாடநூல் இலவசம். தரம் 10 கணித நூலில் விளக்கமும் இருக்கிறது, செய்து காட்டிய உதாரணமும் இருக்கிறது, பயிற்சியும் இருக்கிறது. வகுப்பில் ஆசிரியர் பலகையில் எழுதுவதில் பெரும் பகுதி அந்த நூலில் அச்சாகியே கிடக்கிறது. சார்ஜ் போடத் தேவையில்லை, சிக்னல் தேவையில்லை, எத்தனை தரமும் திருப்பி வாசிக்கலாம்.

தாளை வைத்து இதைச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று தேடித் தூரம் போக வேண்டாம். 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் அச்சிட்ட பாடத்தொகுதிகளை மாணவருக்குக் கொடுத்து வீட்டில் படிக்கவிட்டு, சந்தேகம் தீர்க்கவும் கலந்துபேசவும் 'டே ஸ்கூல்' என்று எல்லோரும் சொல்லும் நேரடி வகுப்புக்கு அழைத்து வந்தது. பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை அந்த வழியில் முடித்த ஆசிரியர்கள் இந்த நாட்டில் ஏராளம். தாங்கள் அப்படிப் படித்தவர்கள், தங்கள் பிள்ளைகளை அப்படிப் படிக்க விடத் தயங்குவதற்குக் காரணம் இல்லை. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுவதும் போன செயல்வழிக் கற்றலும் திரையை நம்பவில்லை. ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்திலிருந்து எடுத்த அட்டைகளும் கற்றல் ஏணியும் போதுமாக இருந்தன. சின்னஞ்சிறு பிள்ளைகள் தங்கள் படி எது என்று பார்த்துத் தாங்களே அட்டையை எடுத்து வேலை தொடங்கினார்கள்.

நூலைப் பையில் வைத்திருப்பது வேறு, வாசித்துவிட்டு வருவது வேறு. "நாளைக்கு 92ஆம் பக்கம் படித்துக்கொண்டு வாங்கோ" என்றால் நாலு பேர்தான் படித்து வருவார்கள். அந்த நாலு பேரும் யாரென்று ஆசிரியருக்கு முன்பே தெரியும். மீதிப் பேர் வீட்டுக்குப் போனால் மாடு சாய்க்க வேண்டும், தம்பி தங்கையைப் பார்க்க வேண்டும், தோட்டத்துக்குத் தண்ணீர் மாற வேண்டும். காலபோக வெள்ளாமை முற்றும் காலத்தில் வயற்கரையில் யானை இறங்கும். தகப்பன் இரவில் காவலுக்குப் போனால் வீடே முழித்திருக்கும். ஆகவே கனகராயன்குளத்துக்கு ஏற்ற தலைகீழ் வகுப்பில் வாசிக்கும் நேரத்தையும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வைக்க வேண்டும் என்பது என் துணிபு. விளக்கத்தை வீட்டுக்கு அனுப்புவதல்ல, ஆசிரியரின் வாயிலிருந்து எடுத்துப் பிள்ளையின் கைக்குக் கொடுப்பதுதான் நமக்குத் தேவையான மாற்றம்.

நடைமுறையில் இது ஒன்றும் பெரிய வித்தையில்லை. பல பள்ளிகளில் கணிதத்துக்கு அடுத்தடுத்து இரண்டு பாடவேளை வரும் நாள் ஒன்று இருக்கும். அன்றைக்கு முதல் பதினைந்து நிமிடம், இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து நூலின் உதாரணத்தை வாசிக்கிறார்கள். கையில் ஒரே ஒரு தாள். அதில் மூன்று கேள்வி. உதாரணத்தின் இரண்டாம் வரியிலிருந்து மூன்றாம் வரிக்கு எப்படி வந்தார்கள், இந்த எண்ணை மாற்றினால் என்ன ஆகும், உனக்கு விளங்காத வரி எது. மூன்றாவது கேள்விதான் உயிர். ஆசிரியர் வகுப்பைச் சுற்றி நடந்து அந்த மூன்றாம் விடைகளைப் பார்க்கிறார். பத்துப் பேர் ஒரே வரியில் நிற்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்த ஒரு வரியை மட்டும் பலகையில் விளக்குகிறார். மிச்ச நேரம் முழுக்கக் கணக்கு. முடித்தவர் முடிக்காதவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பவணந்தி சொன்ன அந்த அரைப் பங்கு அவருக்கு அங்கேதான் சேர்கிறது.

பாடசாலைக்குப் பதிவுசெய்த வீடியோ ஒன்றிரண்டு கிடைத்தால் நல்லது, வேண்டாமென்று சொல்லவில்லை. வடிவக்கணிதத்தில் அமைப்புகளை வரைவது, விஞ்ஞானத்தில் பரிசோதனைகள் போன்றவற்றைக் கண்ணால் பார்ப்பது தாளில் படிப்பதைவிட மேல். ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர் இருந்தால் வகுப்பு முழுவதும் சேர்ந்து பார்க்கலாம். ஆனால் அவை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆசிரியர் பற்றாக்குறைக்கும் இது உதவும். வவுனியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பஸ்ஸில் வந்துபோகும் ஆசிரியர்களை நம்பி ஓடும் பள்ளிகள் இந்த வீதி நெடுகிலும் உண்டு. கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய், அடுத்தவர் வரும்வரை பாடவேளை வெறுமையாகக் கிடப்பது வன்னிக்குப் புதிதல்ல. நூலிலிருந்து தானாக வாசித்து வேலை தொடங்கப் பழகிய வகுப்பு, ஆசிரியர் வராத நாளிலும் முற்றாக நின்றுவிடாது. வட பகுதி மாவட்டங்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டத்துக்கான ஒதுக்கீடு இருக்கிறது. அந்தக் கதவு வரை போய்ச் சேர வேண்டுமே! விஞ்ஞான, கணிதப் பிரிவு உயர்தரம் உள்ள 1ஏபி வகைப் பாடசாலைகள் இந்தப் பக்கம் குறைவு. வவுனியா நகரப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து அங்குள்ள பிள்ளைகளோடு போட்டிபோட வேண்டிய கனகராயன்குளத்துப் பிள்ளைக்கு, தானாகப் படிக்கும் பழக்கத்தைவிடப் பெரிய சீதனம் எதையும் நாம் கொடுத்தனுப்ப முடியாது.

யார் தடுப்பார்கள்?

பெற்றோர் முதலில் முறைப்படுவார்கள். கொப்பியில் குறிப்பு நிறைந்திருந்தால் படிப்பு நடக்கிறது என்பதுதான் நாம் பழகிய அளவுகோல். "ரீச்சர் படிப்பிக்கிறதில்லை, பிள்ளையளையே செய்ய விடுறா" என்ற பேச்சு வரும். பிள்ளைகளும் அதையே சொல்லலாம். 2019இல் ஹாவர்டில் லூயி டெலோரியேவும் குழுவினரும் செய்த ஆய்வில், தாமே செய்து படித்த மாணவர்கள் சோதனையில் அதிகப் புள்ளி எடுத்தார்கள். ஆனால் விரிவுரையைக் கேட்டவர்களைவிடக் குறைவாகப் படித்ததாகவே உணர்ந்தார்கள். நன்றாகப் பேசும் ஆசிரியரைக் கேட்கும்போது எல்லாம் விளங்கியது போல இருக்கும். தானாகச் செய்யும்போது தலை நோகும். பழகும் வரை அந்த நோவைத் தாங்கிக்கொள்ள ஆசிரியரும் பெற்றோரும் பிள்ளைக்குத் துணை நிற்க வேண்டும். தவணைத் தொடக்கத்துப் பெற்றோர் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

அதைவிடப் பெரிய தடை கல்வி நிருவாகத்திடம் இருக்கிறது. 2007இல் தேசிய கல்வி நிறுவகம் தேர்ச்சிமையப் பாடத்திட்டத்தோடு '5ஈ' முறையைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் தேடி, ஆராய்ந்து, விளக்க வேண்டும் என்ற அந்த எண்ணம் இப்போது நாம் பேசுவதற்கு வெகு கிட்ட நின்றது. ஆசிரியர் வழிகாட்டியில் அது அழகாகவே இருந்தது. வகுப்பறையிலோ பாடத்திட்டத்தை முடிக்கும் ஓட்டம், கடந்தகால வினாத்தாள், குறிப்புக் கொப்பி என்று பழைய வழிக்கே திரும்பியது. காரணம் இலகு: மேற்பார்வைக்கு வருபவர்கள் பார்த்தது பாடக்குறிப்புப் புத்தகத்தையும் முடித்த அலகுகளையும். எதைப் பார்க்கிறார்களோ அதைத்தான் ஆசிரியர் செய்வார். அவரைக் குறைசொல்லிப் பலனில்லை.

ஆகவே வவுனியா வடக்குக் கல்வி வலயத்திடம் ஒரு கோரிக்கை. ஒரு தரம், ஒரு பாடம், ஒரே ஒரு தவணை. தரம் 10 கணிதத்தை எடுங்கள். விரும்பி முன்வரும் ஆசிரியர்களை மட்டும் சேருங்கள். மூன்று கேள்வித் தாள்களை ஆசிரிய ஆலோசகர்கள் விடுமுறையிலேயே அலகு அலகாகத் தயாரித்து, போட்டோப் பிரதி எடுக்கும் செலவை வலயமே ஏற்கட்டும். அதை ஆசிரியரின் சட்டைப்பையிலிருந்து எடுக்கச் சொன்னால் இரண்டாம் வாரத்தில் முயற்சி செத்துவிடும். அந்தத் தவணையில் அவர்களின் குறிப்புக் கொப்பி எத்தனை பக்கம் நிறைந்திருக்கிறது என்று எவரும் கேட்கக்கூடாது என்பதை எழுத்தில் கொடுங்கள். தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பார்க்கும்போது சராசரியோடு நிறுத்த வேண்டாம். வகுப்பின் கடைசி வாங்கில் இருந்த பத்துப் பிள்ளைகளின் புள்ளியைத் தனியாக எடுத்து, போன தவணையோடு வைத்துப் பாருங்கள். அது ஏறாவிட்டால் முறையை மாற்றுங்கள். ஏறியிருந்தால் அடுத்த தவணை விஞ்ஞானத்துக்குப் போகலாம்.